மறு: உயரத்துக்கும் பயிற்சிக்கும் உடல் பழகுவது – ஒரு சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உடல் புதிய சூழலுக்குப் பழகுவதை (acclimatization) குறிக்கத் தமிழ்ச் சொல் தேடும் இந்த மடல் இழை நீண்டுவிட்டது. என் முன்மொழிவு 'பழகமைவு'. அதற்கு முன், வந்த மடல்களுக்கு மறுமொழி.

> தகவமைப்பு (adaptation) பாடநூலிலேயே நிலைத்துவிட்ட சொல், ஐயா. உடலியக்கவியலுக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

நிலைத்துவிட்டது என்பதுதான் சிக்கல். ஒட்டகத்தின் திமிலுக்கும் கள்ளியின் முள்ளுக்கும் வழங்கும் சொல் அது. தலைமுறைகளாக மரபணுவில் படிந்த மாற்றம் என்றே மாணவர் மனத்தில் ஊன்றியிருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்குப் போகிறவரின் உடலில் நடப்பது வேறு.

அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடுதான். காற்றழுத்தம் குறைந்துவிடுவதால், நுரையீரலுக்குள் வரும் ஆக்சிஜனின் அழுத்தமும் குறைகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள சிற்றுறுப்பு இதை உணர்ந்து மூச்சைக் கூட்டுகிறது. மூச்சு கூடினால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறும். இரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாயும். அந்தக் காரத்தன்மையே மூச்சுக்குக் கடிவாளம் போட்டுவிடுகிறது. சிறுநீரகம் சில நாள்களில் காரப் பொருளான பைகார்பனேட்டைக் கழித்த பிறகுதான் கடிவாளம் தளர்கிறது. மலையேறுவோர் உட்கொள்ளும் அசிட்டசோலமைடு மாத்திரை செய்வதும் இதுவே: சிறுநீரகத்தின் அந்த வேலையை முடுக்கிவிடுகிறது. கீழே இறங்கி வந்தால் எல்லாம் படிப்படியாகக் கலைந்துவிடும். கலையக்கூடிய ஒன்றைத் தகவமைப்பு என்று எப்படிச் சொல்வது?

திபெத்தியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈபாஸ்1 (EPAS1) என்ற மரபணுவில் அவர்களிடம் பரவலாகக் காணப்படும் வடிவத்தை 2010இல் வெளியான ஆய்வுகள் அடையாளம் காட்டின. 4,000 மீட்டரிலும் அவர்களுடைய ஹீமோகுளோபின் அவ்வளவாக ஏறுவதில்லை. சமவெளியிலிருந்து போனவருக்கு ஏறிவிடுகிறது. 'திபெத்தியரின் தகவமைப்பும் வந்தவரின் தகவமைப்பும் வேறு வேறு' என்று எழுதினால் வாசிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? இரண்டு சொல் இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது.

> இணக்கம், பழக்கம், இசைவாக்கம் – மூன்றில் ஒன்று போதுமே?

இணக்கம் என்றால் பேச்சுவார்த்தை நினைவுக்கு வருகிறது. பழக்கம் என்றால் புகைப்பழக்கம். இசைவாக்கம் காதுக்கு இனியது, இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றியது. ஆனால் அங்கே அது தகவமைப்பின் இடத்தில்தான் இருக்கிறது. அதே சிக்கல் மீண்டும் தொடங்கும்.

பழகு + அமைவு = பழகமைவு. குற்றியலுகரம் கெட்டுப் புணர்வதால் உச்சரிப்பில் தடை இல்லை. தகவமைப்புக்கு உடன்பிறப்பு போல ஒலிக்கிறது. அமைப்பு என்று போடாமல் அமைவு என்றதற்குக் காரணம் உண்டு. பைகார்பனேட்டைக் கழிக்கும்படி சிறுநீரகத்துக்கு யாரும் ஆணையிடுவதில்லை, தானாக அமைகிறது.

> உடற்பயிற்சியால் வரும் மாற்றத்தையும் இதே சொல்லுக்குள் அடைப்பது சரியா?

இந்த இழையின் நல்ல கேள்வி இதுதான். இதைக் கேட்ட அம்மையாரின் ஐயத்துக்குக் காரணம் இருக்கிறது: இரண்டும் சில இடங்களில் எதிரெதிர்த் திசையில் போகின்றன. தாங்குதிறன் பயிற்சி தொடங்கிய சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. அதனால் ஹீமோகுளோபினின் செறிவு குறைந்ததுபோல் தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருப்பவரைச் சோகை என்று நினைத்துவிட இடமுண்டு. உயரத்தில் நேர்மாறு. முதல் சில நாள்களில் பிளாஸ்மா சுருங்குகிறது. புதிய சிவப்பணுக்கள் சேரும் முன்பே ஹீமோகுளோபின் செறிவு ஏறிவிடுகிறது. சிவப்பணு ஆக்கத்தைத் தூண்டும் எரித்ரோபொய்டின் சில மணி நேரத்திலேயே உயர்ந்தாலும், சிவப்பணுக்களின் மொத்த அளவு உண்மையில் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆய்வுக்கூடத் தாளில் உள்ள ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் இருவரைப் பற்றியும் தவறான முடிவுக்கே வருவோம்.

ஆகவே சொல்லைத் தனியாக விடக்கூடாது என்பேன். உயரப் பழகமைவு, பயிற்சிப் பழகமைவு, வெப்பப் பழகமைவு என்று அடைமொழியோடுதான் அகராதியில் ஏற வேண்டும். 1968 மெக்சிகோ நகர ஒலிம்பிக்கை இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன். 2,240 மீட்டர் உயரத்தில் நீண்டதூர ஓட்டங்களின் நேரங்கள் மந்தமாயின. பயிற்சிப் பழகமைவு நிறைந்தவர்களுக்கும் உயரப் பழகமைவு தனியாக வேண்டியிருந்தது. கென்யாவின் உயர்நிலத்திலிருந்து வந்த கிப் கெய்னோ 1,500 மீட்டரில் தங்கம் வென்றார். 1997இல் ஆய்வாளர்கள் லெவினும் ஸ்ட்ரே-குண்டர்சனும் வெளியிட்ட ஆய்வில், 2,500 மீட்டரில் தங்கி 1,250 மீட்டரில் இறங்கிப் பயிற்சி செய்த ஓட்டக்காரர்கள் முன்னேறினார்கள். உயரத்திலேயே ஓடினால் வேகமாக ஓட முடியாது, பயிற்சி நீர்த்துவிடும். உயரத்தில் தங்காவிட்டால் சிவப்பணு பெருகாது. இரண்டு பழகமைவையும் தனித்தனியே பெறுவதற்கான ஏற்பாடு அது. ஒரே சொல்லால் இதை விளக்க முயன்று பாருங்கள், பத்தி முழுவதும் சிடுக்காகிவிடும்.

பயிற்சியை நிறுத்தினாலோ மலையை விட்டு இறங்கினாலோ நிகழ்வதற்கு 'பழகமைவு கலைதல்'. காற்றழுத்தத்தைக் குறைத்த அறையில் பழகமைவை உண்டாக்குவதற்குத் தனிச் சொல் கேட்டவருக்கு: 'செயற்கைப் பழகமைவு' போதும், அதற்காக இன்னோர் இழை வேண்டாம்.

வினை வடிவம் கேட்டிருந்தீர்கள். 'பழகமைகிறது' என்று எழுதுவதை நானே ஆதரிக்க மாட்டேன். உடல் உயரத்துக்குப் பழகுகிறது என்று எழுதுங்கள். கலைச்சொல் பெயராக மட்டும் இருக்கட்டும்.

தீராத ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஏறத்தாழ 5,500 மீட்டருக்கு மேல் நெடுநாள் தங்கினால் உடல் பழகிக்கொண்டே போவதில்லை. பசி குறைகிறது, எடை இறங்குகிறது, தசை கரைகிறது, தூக்கம் கெடுகிறது. இதைப் பழகமைவின் கீழ் சேர்க்க முடியாது. கலைதலும் அன்று, ஏனெனில் உயரம் குறையவில்லை. 'உயர நலிவு' என்று குறித்து வைத்திருக்கிறேன். நலிவு நோயைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறதா, 'உயரத் தேய்வு' பொருந்துமா என்று மருத்துவத் துறை நண்பர்கள் சொல்ல வேண்டும்.