புதுப்பிப்பு: கோவிட்டுக்குப் பின் எழுந்து நின்றால் வரும் படபடப்பு

கோவிட் தணிந்து மாதங்கள் கடந்தும், எழுந்து நின்றாலே நெஞ்சு படபடத்துத் தலை சுற்றுவது ஏன் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), டிரோபோனின் (இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) மூன்றும் இயல்பாக இருந்ததால், இதயத் தசை அழற்சிக்கான தடயம் இல்லை என்றார் மருத்துவர். விடைக்கு வழிகாட்டியது, படுத்த நிலையிலும், பின்னர் 10 நிமிடங்கள் நின்றபடியும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து குறித்துவைக்கும்படி இங்கே பதிலில் சொன்னவரின் யோசனைதான். நின்றபோது அழுத்தம் குறையாமலே, துடிப்பு படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடியது. அந்தக் குறிப்பைப் பார்த்த மருத்துவர் தாமும் அளந்து உறுதிசெய்துகொண்டு, இது 'பாட்ஸ்' (POTS, எழுந்து நிற்கும்போது இதயத்துடிப்பு அளவுமீறி உயரும் கோளாறு) என்றும், தானியங்கு நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சரிவரச் சுருக்காததால் நிற்கும்போது இரத்தம் கீழே தேங்க, அதை ஈடுகட்டவே இதயம் விரைந்து துடிக்கிறது என்றும் விளக்கினார்.

கூடுதல் நீரும் உப்பும், இறுக்கமான நீள்காலுறையும் தலைசுற்றலைக் குறைத்தன. (உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டவே கூடாது.) நான் எதிர்பாராதது ஒன்று: பலரும் பரிந்துரைத்த நடைப்பயிற்சி தொடக்கத்தில் படபடப்பைக் கூட்டியது, படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் செய்த பயிற்சியே ஒத்துக்கொண்டது. படபடப்பு முழுமையாக நீங்கவில்லை. ஆயினும் நின்றபடி சமைக்க முடிகிறது.