ஆபீஸ் டேலிய வீட்ல இருந்து பாதுகாப்பா திறக்க என்ன வழி? (கடலூர்)

மஞ்சக்குப்பம்வாசி:
வணக்கம். மஞ்சக்குப்பத்துல பைப், மோட்டார் ஹோல்சேல் பண்றோம். பில்லிங், கணக்குக்கு நாலு பேர், கணக்கு சாஃப்ட்வேர் டேலில பல பேர் ஒரே நேரத்துல ஓட்டுற கோல்டு லைசன்ஸ், டேட்டா மொத்தமும் ஒரே பிசில. 2024ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணைல வெள்ளம் வந்தப்போ பாகூர்ல இருந்து வர்ற பொண்ணும் நெல்லிக்குப்பத்துக்காரரும் ஆபீஸ் வரவே முடியல, 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 (மாசாந்திர விற்பனை ஜிஎஸ்டி கணக்கு) போடணுமேன்னு தவிச்சுட்டோம். இந்த மழைக்கு முன்னாடி அவங்க வீட்ல இருந்தே வேலை பாக்குற மாதிரி செஞ்சுடணும். சர்வீஸ் பண்ற தம்பி ரவுட்டர்ல 3389 போர்ட்ட (நெட்ல இருந்து உள்ள வர்ற வழி) திறந்துவிட்டா ரிமோட் டெஸ்க்டாப் (ஆபீஸ் பிசிய வீட்ல இருந்தே இயக்குறது) வந்துடும், செலவே இல்லங்கறாரு. கஸ்டமர் பாக்கி விவரம் எல்லாம் அதுலதான் இருக்கு, பயமா இருக்கு. செய்யலாமா?

லாஸ்பேட்டை_நெட்வொர்க்:
வேண்டவே வேண்டாம்ணே. 3389ஐ இன்டர்நெட்டுக்கு திறந்து வைக்கிறது கடை ஷட்டர ராத்திரி முழுக்க தூக்கி வைக்கிற மாதிரி. உங்க கடைய குறி வச்சு யாரும் வரணும்னு இல்ல, உலகத்துல இருக்குற ஐபி (இன்டர்நெட் முகவரி) எல்லாத்தையும் மெஷினே ஸ்கேன் பண்ணிட்டு இருக்கு, திறந்த போர்ட்ட பாத்தா பாஸ்வேர்ட மாத்தி மாத்தி அடிச்சு பாக்கும். 3390க்கு மாத்திடலாம்பாங்க, ஸ்கேனர் அதையும் கண்டுபிடிச்சுடும். 2019 மே மாசம் ப்ளூகீப்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, விண்டோஸ் 7ல பாஸ்வேர்டே தெரியாம ரிமோட் டெஸ்க்டாப் வழியா உள்ள வந்துடலாம். பேட்ச் (ஓட்டைய அடைக்கிற அப்டேட்) போடாத பழைய விண்டோஸ் 7 நம்ம ஊர் கடைகள்ல இன்னும் ஓடிட்டுதான் இருக்கு.

விபிஎன் (நெட்டுக்குள்ள பூட்டின தனி வழி) போடுங்க, அதுக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப் ஓடட்டும். ஃபிக்ஸட் ஐபி (மாறாத முகவரி) இருந்தா ரவுட்டர்லயே வயர்கார்டுங்கற விபிஎன் போடலாம், சரியான கீ இல்லாதவன் தட்டினா அது பதிலே சொல்லாது. ஆனா நிறைய ஃபைபர் கனெக்ஷன்ல நமக்குன்னு தனி பப்ளிக் ஐபி கிடையாது, போர்ட் திறந்தாலும் வெளிய இருந்து வராது. அப்படின்னா டெய்ல்ஸ்கேல்னு ஒரு விபிஎன் சர்வீஸ் இருக்கு, பாருங்க, அதுவும் உள்ளுக்குள்ள வயர்கார்டுதான், ரவுட்டர தொடவே வேணாம். கம்பெனி உபயோகத்துக்கு என்ன பிளான்னு அவங்க சைட்ல பாத்துக்கோங்க. போட்டதும் விண்டோஸ் ஃபயர்வால்ல ரிமோட் டெஸ்க்டாப் ரூலுக்கு 100.64.0.0/10 மட்டும் அனுமதிங்க, டெய்ல்ஸ்கேல் ஐபி எல்லாம் அந்த ரேஞ்சுலதான் வரும்.

டேலி_பண்ருட்டி:
அண்ணன் சொன்னது சரி, ஆனா நாலு பேரும் அந்த ஒரே பிசிக்குள்ள போக முடியாது. விண்டோஸ் ப்ரோல ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான், வெளிய இருந்து ஒருத்தர் உள்ள வந்தா ஆபீஸ்ல உக்காந்திருக்கவர் ஸ்கிரீன் லாக் ஆயிடும். ஹோம் எடிஷன்னா ரிமோட் டெஸ்க்டாப்பே வெளிய இருந்து எடுக்காது. உங்ககிட்ட கோல்டு இருக்குறதால அவங்கவங்க ஆபீஸ் பிசிய ஆன்ல விட்டுட்டு அவங்கவங்க பிசிக்கே வரட்டும், சர்வர் வாங்குற செலவு மிச்சம். டேட்டா ஃபோல்டர ஷேர் பண்ணி வீட்டு லேப்டாப் டேலில நேரா திறக்காதீங்க, ஆமை வேகத்துல ஓடும், நடுவுல நெட் போனா டேட்டா கெட்டுப்போற ஆபத்தும் இருக்கு.

மழை நாள்ல கரண்ட் போகும்ல, பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற பிசி செட்டிங்) கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகுற செட்டிங் இருக்கும், அத போட்டுடுங்க. மோடத்துக்கும் யுபிஎஸ் வேணும், நிறைய பேர் அத மறந்துடறாங்க.

மஞ்சக்குப்பம்வாசி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். டெய்ல்ஸ்கேல்ல நாலு பேருக்கும் ஒரே லாகின் குடுத்துடலாமா, இல்ல தனித்தனியாவா? ஒருத்தர் வேலைய விட்டு நின்னுட்டா?

லாஸ்பேட்டை_நெட்வொர்க்:
தனித்தனியாதான்ணே, இதுல சமரசமே கூடாது. ஒவ்வொருத்தருக்கும் அவங்க மெயில் ஐடி, ரெண்டாவது ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன்ல இருக்கணும், எஸ்எம்எஸ் ஓடிபிய விட ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது. நிக்கிறவர கணக்கு முடிச்சு அனுப்புற அன்னிக்கே அட்மின் பக்கத்துல எடுத்துடுங்க, அவரோட விண்டோஸ் யூசர், டேலி யூசரையும் சேத்து. லேப்டாப் தொலைஞ்சாலும் இதே மாதிரி அந்த டிவைஸ மட்டும் தூக்கிடலாம், மத்தவங்க வேலை நிக்காது. ஒரே லாகின்னா எல்லாருக்கும் மாத்தணும், யார் எப்போ வந்தாங்கன்னும் தெரியாது.

பேக்கப் எப்படி எடுக்கறீங்க? ஹார்ட் டிஸ்க் எப்பவும் பிசிலயே சொருகி இருந்தா ரான்சம்வேர் (ஃபைல பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ்) அதையும் சேத்து பூட்டிடும். காப்பி எடுத்ததும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு போங்க, ஆபீஸ்ல தண்ணி ஏறினாலும் டேட்டா தப்பிக்கும்.