வந்தவாசியில் முடிந்தது பரங்கிப்பேட்டையில் ஏன் முடியவில்லை? ஜெனரல் அயர் கூட் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: ஏரிக்கரை

ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் வாழ்க்கையை வருஷவாரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் கணக்கு உதைக்கிறது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார், அடுத்த ஜனவரி 16 அன்று பாண்டிச்சேரி சரணடைந்தது. ஒரு வருஷத்துக்குள் கதை முடிந்துவிட்டது. ஆனால் 1781ல் ஜூலை 1 பரங்கிப்பேட்டை, ஆகஸ்ட் 27 புள்ளலூர், செப்டம்பர் 27 சோளிங்கர் என்று மூன்று மாதத்தில் மூன்று வெற்றி. அப்படியும் மைசூரின் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமையை விட்டு நகரவில்லை. அதே தளபதி, ஏறக்குறைய அதே ஊர்கள். வயதுதான் காரணமா? 1726ல் பிறந்தவர் என்பதால் அப்போது 55 ஆகியிருக்கும்.

பதில்: கோட்டைமதில்

வயது ஒரு பகுதிதான். பெரிய காரணம் மாடு.

முதலில் 1760ஐப் பாருங்கள். கூட் வருவதற்கு முன்பே லாலியின் நிலைமை சரிந்திருந்தது. தாஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படை 1759 செப்டம்பரில் கிளம்பிப் போனது, திரும்பவே இல்லை. அக்டோபரில் சம்பள பாக்கிக்காக லாலியின் ஐரோப்பியச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். பணம் திரட்டலாம் என்று படையில் ஒரு பங்கை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார். அந்த இடைவெளியில் கூட் வந்தவாசிக் கோட்டையையும் கருங்குழியையும் எடுத்துக்கொண்டார். ஜனவரியில் லாலி வந்தவாசியை மீட்க வந்தபோது இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தது கூட்தான். லாலி பக்கம் இருந்த முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை சண்டையில் இறங்கவில்லை.

போரின் திருப்பம் ஒரு ஏரிக்கரையில் நடந்தது. பிரெஞ்சு இடது கோடி அந்தக் கரையை ஒட்டி அரண் போட்டிருந்தது. அங்கே வெடிமருந்து வண்டி ஒன்றில் குண்டு விழுந்து வெடித்தது. சுமார் 80 பேர் செத்தும் காயப்பட்டும் விழ, மற்றவர்கள் அரணை விட்டு ஓடினார்கள். ஆங்கிலேயப் படையின் மேஜர் பிரெரட்டன் ஆட்களோடு பாய்ந்து அந்த இடத்தைப் பிடித்தார், அங்கேயே அவருக்கு உயிர்போகும் காயம். அதை மீட்கப் போன பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி பிடிபட்டார்.

அதற்குப் பிறகு லாலியிடம் மறுபடி களத்துக்கு வரும் படை இல்லை. சேத்துப்பட்டு, ஆற்காடு, திண்டிவனம், காரைக்கால் என்று கூட் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடல் ஆங்கிலேயர் கையில். கடைசியில் பாண்டிச்சேரியைப் பிடித்தது பசிதான். 1760 நவம்பரில் லாலி சுமார் 1,400 உள்ளூர் மக்களை நகரை விட்டு வெளியேற்றினார். முற்றுகைப் படையும் அவர்களை விடவில்லை. ஒரு வாரம் போல இரண்டு வரிசைக்கும் நடுவில் புல்லைத் தின்று கிடந்தார்கள். கூட்டின் வெற்றிப் பட்டியலை எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

1781ல் இதில் எதுவுமே அவருக்குச் சாதகமாக இல்லை. ஹைதர் முந்தைய ஆடியிலேயே சென்னையைச் சுற்றி ஊர்களைக் கொளுத்தி, கால்நடையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தோராயமாக ஒரு கணக்கு: பரங்கிப்பேட்டையில் கூட்டிடம் இருந்தவர்கள் சுமார் 8,500 பேர். ஆளுக்கு நாளைக்கு ஒரு கிலோ அரிசி என்றால் பத்து நாளைக்கு 85 டன். பொதிமாடு ஒன்று 70 கிலோ சுமந்தாலும் 1,200 மாடு வேண்டும். இதில் பீரங்கி இழுக்கும் மாடு, வெடிமருந்து, படைக்குப் பின்னால் வரும் குடும்பங்கள் எதுவும் சேரவில்லை. அந்த மாடுகள் சென்னையில் கிடையாது. அதனால் கடலை விட்டு விலகி அவரால் நீண்ட நாள் இருக்க முடியவில்லை. பிப்ரவரியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை கடலூரிலேயே முடங்கிக் கிடந்ததும் அதனால்தான்.

பதில்: வெள்ளாறு

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். கடலூரில் அவர் தப்பியதே பிரெஞ்சுக்காரர் தவறால். பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் தோர்வின் கப்பல்கள் கரைக்கு எதிரே நின்றன, தரையில் ஹைதர், ஆங்கிலக் கப்பற்படை மேற்குக் கரையில். தோர்வ் கொஞ்ச நாள் நின்றிருந்தால் படை பட்டினியில் சரணடைந்திருக்கும். ஹைதர் கேட்டும் நிற்காமல் மொரீஷியஸ் போய்விட்டார்.

பரங்கிப்பேட்டைச் சண்டையையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஜூன் 18 அன்று சிதம்பரம் கோயில் அரண்மீது கூட் நடத்திய இரவுத் தாக்குதல் தோற்றது. அந்தத் தைரியத்தில்தான் ஹைதர் கடலூர்ப் பாதையை மறித்து மண் அரண் கட்டினார். கூட் அந்த அரணை நேரே முட்டவில்லை. கடல் பக்கம் மணல் மேடுகளுக்கு நடுவே ஹைதர் ஆட்கள் பீரங்கி கொண்டுபோக வெட்டியிருந்த பாதை கண்ணில் பட்டது. அதன் வழியாகவே முதல் வரிசையை நுழைத்து, ஹைதரின் இடது பக்கம் திரும்பினார். பின்னால் இருந்த மேட்டை கூட்டின் துணைத் தளபதி ஸ்டூவர்ட்டின் இரண்டாம் வரிசை விடாமல் பிடித்துக்கொண்டது. கரையோரம் நின்ற ஒரு சிறு ஆங்கிலப் பாய்க்கப்பல் ஹைதரின் குதிரைப்படைமீது சுட்டது. ஆங்கிலேயர் இழப்பு சுமார் 300தான்.

ஆனால் ஹைதர் தன் பீரங்கிகளை எல்லாம் பத்திரமாக இழுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாளில் அமிர்த மகால் என்று பேர்பெற்ற மைசூர் மாடுகள் அவரிடம் இருந்தன. துரத்துவதற்குக் கூட்டிடம் குதிரையும் போதாது, மாடும் போதாது. புள்ளலூர், சோளிங்கர் இரண்டிலும் இதேதான். களம் கூட்டுக்கு, சீமை ஹைதருக்கு. இன்னொன்று, 'எதிரே 80,000 பேர்' என்று வரும் எண்ணை அப்படியே எழுதாதீர்கள். அது கூடுதலான மதிப்பீடு.

பதில்: கோட்டைமதில்

வயது பற்றிக் கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். 1782 ஜனவரி 5 அன்று, வேலூருக்கு அரிசி கொண்டுபோகும் வழியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பல்லக்கில் படுத்தபடியே படையை நடத்திப் போய், ஆறு நாளில் வேலூரில் அரிசியைச் சேர்த்தார். ஜூனில் ஹைதரின் கிடங்கு இருந்த ஆரணி வரை போனார், பிடிக்க முடியவில்லை. உடம்பு தேற வங்காளம் போனவர் 1783 ஏப்ரலில் கப்பலில் பணத்தோடு திரும்பினார். வழியில் பிரெஞ்சுக் கப்பல்கள் துரத்தின. சென்னையில் இறங்கிய சில நாளிலேயே இறந்தார். ஹைதர் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

பதில்: நாட்குறிப்பு

எழுதும்போது தடுக்கும் இடங்கள் சில. கூட் ராஜாவின் படை அதிகாரி, கம்பெனி அதிகாரி அல்ல. 1761ல் பாண்டிச்சேரியை ராஜா பெயரில் வைப்பதா, கம்பெனியிடம் ஒப்படைப்பதா என்று தகராறு வந்ததன் வேர் இதுதான். கம்பெனியிடம் கொடுக்காவிட்டால் படைக்குப் பணம் கிடையாது என்று சென்னை கவர்னர் பிகாட் சொன்னதும் கூட் இறங்கிவந்தார். 1781ல் அதே மாதிரி அதிகாரத் தகராறு அப்போதைய கவர்னர் மெக்கார்ட்னியோடு. பாண்டிச்சேரி முற்றுகை நடுவில் சில நாள் தலைமை மான்சன் என்ற இன்னொரு ஆங்கிலேய அதிகாரியிடம் இருந்ததையும் குறிப்பிடுங்கள். மூப்பு அவருக்கு என்று உத்தரவு வந்தது. அவர் காயப்பட்டதும் கூட் திரும்பினார்.

இன்னொரு அயர் கூட்டும் இருக்கிறார். இவருடைய சகோதரர் மகன், 1762ல் பிறந்தவர், அவரும் ஜெனரல், அவரும் சர். 1798 ஆஸ்டெண்ட், ஜமைக்கா, 1816ல் படையிலிருந்து நீக்கம் என்று எங்காவது வந்தால் அது அந்த ஆள்.