அடுத்த ஓபி வரை நோயாளியின் ஃபோனுக்கு அனுப்பிக் கண்காணிக்கும் கேள்வித்தாள்: நடைமுறையில் கண்டவை

நுரையீரல் பிரிவிலிருந்து:
ஆஸ்துமாவுக்கு ஏசிடி (ACT, நோய் எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று பார்க்கும் கேள்வித்தாள்) போதும். 5 கேள்வி, மொத்தம் 5 முதல் 25 வரை. 19 அல்லது அதற்குக் கீழே என்றால் நோய் கட்டுக்குள் இல்லை. கேள்விகள் கடந்த 4 வாரத்தைப் பற்றியவை. அதனால் வாராவாரம் அனுப்பக் கூடாது, ஒரே மோசமான இரவு நான்கு தாள்களிலும் வந்து நிற்கும். சிஓபிடிக்கான (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) கேள்வித்தாளான கேட்டில் (CAT) 8 கேள்வி, 0 முதல் 40. அதில் எண் ஏறினால் மோசம், ஏசிடியில் இறங்கினால் மோசம். இரண்டையும் ஒரே திரையில் வெறும் அம்புக்குறியோடு காட்டும் மென்பொருளை நம்பாதீர்கள். நிறத்தையும் போடச் சொல்லுங்கள்.

மனநலப் பிரிவிலிருந்து:
பிஎச்கியூ-9இல் (PHQ-9, மனச்சோர்வை அளக்கும் 9 கேள்வித் தாள்) மொத்தத்தை மட்டும் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. 10ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்று வைத்துவிடுகிறார்கள். மொத்தம் 6 வந்தவர்கூட 9ஆவது கேள்வியில் (செத்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம்) 1 போட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் அன்றே ஃபோன் போக வேண்டும். ஆகவே வெள்ளி மாலையில் அனுப்பாதீர்கள், திங்கள் காலையில் அனுப்புங்கள். முதல் திரையிலேயே "இதை உடனே யாரும் பார்க்க மாட்டார்கள், அவசரம் என்றால் 108, மனநல உதவிக்கு 14416" என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இதயப் பிரிவிலிருந்து:
இதயச் செயலிழப்புக்கு எடைதான் முக்கியம். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே தராசில். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் கோக்கிறது என்று எடுத்துக்கொண்டு கூப்பிட வேண்டும். 68.5 என்பதைப் புள்ளி விட்டு 685 என்று அடிப்பது சகஜம். 30க்குக் கீழும் 200க்கு மேலும் படிவம் ஏற்கவே கூடாது. "மூச்சு வாங்குகிறதா?" என்றால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். "படுக்கும்போது எத்தனை தலையணை? போன வாரம் எத்தனை?" என்று கேட்டால் உண்மை வரும். படுத்தால் மூச்சு முட்டுபவர்தான் தலையணையைக் கூட்டுவார்.

இன்னொன்று, ஓடிபி மகன் ஃபோனுக்குப் போகும், அவர் வெளியூரில் இருந்தபடியே "எல்லாம் நார்மல்" என்று நிரப்பிவிடுவார். "யார் நிரப்புகிறார்?" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஒருங்கிணைப்புச் செவிலியர் பார்வையில்:
டென்மார்க்கின் ஆம்புஃப்ளெக்ஸ் (நோயாளி வீட்டிலிருந்து நிரப்பும் கேள்வித்தாளை வைத்து வருகையை முடிவு செய்யும் முறை) பார்க்க வேண்டிய ஒன்று. பதில்களைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை. பச்சைக்கு வருகை தேவையில்லை. மஞ்சளை ஒருவர் படித்து முடிவெடுப்பார். சிவப்புக்குத் தொடர்பு கொண்டே ஆக வேண்டும். எண் நன்றாக இருந்தாலும் "பேச வேண்டும்" என்று நோயாளி குறித்தால் அவரைப் பச்சையில் விடாதீர்கள். பதிலே வராததையும் பச்சையாக எண்ணக் கூடாது. ஒரு நினைவூட்டல், அதன் பிறகு ஃபோன். அதிகம் முடியாமல் கிடப்பவர்தான் பெரும்பாலும் பதில் போடாதவர்.

நியூயார்க்கில் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேரிடம் நடந்த ஆய்வில் (2017இல் வெளியானது) கேள்வித்தாள் குழுவின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் 26. அங்கே அறிகுறி மோசமானால் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போனது. படிக்க ஆள் இல்லாத படிவத்துக்கு இந்த எண்ணை மேற்கோள் காட்டுவது நியாயமில்லை. யார், எந்த மணிக்குப் பார்ப்பார், அவர் லீவில் போனால் யார் என்று டியூட்டி சார்ட்டில் எழுதிய பிறகே முதல் லிங்கை அனுப்புங்கள்.