பிள்ளை சொல்லிட்டா, அடுத்து என்ன செய்யணும்? நெல்லைப் பக்கத்து அனுபவப் பகிர்வு

குழந்தைகள் ஆலோசகர், பாளையங்கோட்டை:
தன்னை ஒருத்தர் தப்பாகத் தொட்டார் என்று பிள்ளை சொன்னதும் பல வீடுகளில் முதலில் வருவது, "இத ஏன் அப்பவே சொல்லல?" என்ற கேள்விதான். பதற்றத்தில் கேட்பதுதான், ஆனால் பிள்ளை காதில் அது "தப்பு உன் மேல" என்றுதான் விழுகிறது. அதோடு வாயை மூடிக்கொள்ளும். அடுத்து பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்கள், போனைப் பிடுங்குவார்கள், பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொட்டவன் அதே தெருவில் நடமாடுவான், சொன்ன பிள்ளைக்குத் தண்டனை. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சி நாளைக்கு எதைச் சொல்லப் போகிறார்கள்?

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சொன்னது நல்லதாப் போச்சு. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல. இனி நான் பாத்துக்கிடுதேன்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். டாக்டர், போலீஸ் என்று சிலரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் போதும். "மாமா அங்க தொட்டாரா?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால், பின்னால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் "அம்மா சொல்லிக் கொடுத்தது" என்பார். பிள்ளை எந்தச் சொல்லில் சொன்னதோ அதே சொல்லில், தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள். "ஒண்ணுக்குப் போற எடம்" என்று சொன்னால் அப்படியே எழுதணும், நாகரிகமாக மாற்றக் கூடாது. ஆச்சி, அத்தை, சித்தி என்று ஆளாளுக்குத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். அந்த ஆளை நேரில் நிறுத்தி "இப்பச் சொல்லு பாப்போம்" என்பது கூடவே கூடாது.

தொடக்கப்பள்ளி ஆசிரியை, அம்பாசமுத்திரம்:
டீச்சர்கள் சொல்லிக் கொடுப்போம் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று வயதில் குளிப்பாட்டும்போதே உறுப்புகளின் சரியான பெயரைச் சொல்லிவிடலாம். பெயர் தெரியாத இடத்தைப் பற்றிப் பிள்ளையால் புகார் சொல்ல முடியாது. "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" பாடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கெட்ட தொடுதல் என்றால் வலிக்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். பழகியவன் விளையாட்டு போலத்தான் ஆரம்பிப்பான், மிட்டாய் தருவான். அதனால் "அம்மாட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும், அது அம்மாவிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்று பழக்குவதுதான் பிடிமானம்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரே கூடும்போது "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று தள்ளிவிடாதீர்கள். கும்பிட்டால் போதும். ராத்திரி வில்லுப்பாட்டு முடியுமட்டும் பிள்ளைகளை மச்சிலும் தார்சாவிலும் மொத்தமாகப் படுக்கப் போட்டுவிடுவோம். பெரிய பையன்கள், தூரத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதே பாயில் கிடப்பார்கள். பக்கத்தில் யார் படுப்பது என்பதைத் தாய் தகப்பன் முடிவு செய்யட்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இதே கவனம் வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரும் குழந்தைகள்தான், ஆண் பெண் வித்தியாசம் கிடையாது.

மொபைல் சர்வீஸ் கடைக்காரர், நெல்லை டவுன்:
அப்பாவின் பழைய போனை அப்பாவின் கூகுள் கணக்கோடேயே பிள்ளைக்குக் கொடுப்பதுதான் அடிக்கடி பார்க்கும் தப்பு. அந்தக் கணக்கைப் பொறுத்தவரை போனை வைத்திருப்பது பெரிய ஆள், அதற்கேற்ற வீடியோக்கள்தான் வரும். போனை முழுசாக ரீசெட் செய்து, பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியில் தனிக் கணக்கு திறந்து, பெற்றோர் கண்காணிக்க கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் ஆப்பில் உங்கள் போனோடு இணையுங்கள். புது ஆப் போட உங்களிடம் அனுமதி கேட்கும். வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் போய், குரூப்பில் சேர்ப்பது, டிபி பார்ப்பது இரண்டையும் "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள். இன்ஸ்டாகிராம் பிரைவேட்டாக இருக்கட்டும்.

ஏமாற்றும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். விளையாட்டுக்குள் பேச்சுக் கொடுப்பான், விளையாட்டில் காசு மாதிரி செல்லும் டைமண்ட் வாங்கித் தருவான், பிறகு "வாட்ஸ்அப் வா" அல்லது "டெலிகிராம் வா" என்று வெளியே கூப்பிடுவான். முதலில் சாதாரண போட்டோ கேட்பான், பிறகு வீடியோ கால். அதைப் பதிவு செய்துகொண்டு மிரட்டுவான். ஆள் இடம் மாறக் கூப்பிடும் அந்தக் கட்டத்தைப் பிள்ளை அடையாளம் கண்டுகொண்டால் பாதி காரியம் முடிந்தது. ராத்திரி எல்லார் போனும், பெரியவர்கள் போன் உட்பட, பட்டாசலில், அதாவது பொதுக் கூடத்தில், சார்ஜில் கிடக்கட்டும். ஒளிந்து வேவு பார்த்தால் பிள்ளை இன்னொரு ஐடி திறக்கும், அவ்வளவுதான்.

வழக்கறிஞர், தென்காசி:
மிரட்டல் வந்துவிட்டால் பணம் அனுப்பாதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் மறுநாள் கூடுதலாகக் கேட்பான். பயத்தில் எல்லாவற்றையும் அழிப்பதும், உடனே பிளாக் செய்வதும் தப்பு. முதலில் அவன் புரொஃபைல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே உள்ள பெயரை நொடியில் மாற்றிவிடுவான், அதனால் யூசர்நேமும் லிங்க்கும் வேண்டும். தேதி தெரியும்படி மிரட்டல் வரிகள், பணம் கேட்ட யுபிஐ ஐடி, போன் நம்பர் எல்லாம் சேரட்டும். அதற்குப் பிறகு பிளாக் செய்யலாம்.

பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் ஆதாரம் என்று சித்தப்பாவுக்கோ எங்களுக்கோ அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி, போக்சோ 15-ஆம் பிரிவு இரண்டின் கீழும் அது வழக்காகலாம். இத்தகைய படத்தை வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. போனை அப்படியே போலீசில் ஒப்படையுங்கள். புகாருக்கு சைபர் குற்ற உதவி எண் 1930, அல்லது சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். படம் பரவாமல் இருக்க "டேக் இட் டவுன்" என்ற சேவை உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது, படத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான ஒரு எண் அடையாளம் மட்டும் போகும். அதை வைத்து, சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்கும்.

செவிலியர், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிப் பகுதி:
உடல்ரீதியாக நடந்திருந்தால் குளிப்பாட்டாமல் கூட்டி வாருங்கள். மனசு கேட்காது, தெரியும். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதக் கவரில் போடணும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுப்போகும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்ப முடியாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்கணும், கூட அம்மாவோ பிள்ளை நம்பும் ஆளோ இருக்கலாம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை தடை செய்யப்பட்டது, யாராவது ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நாள் கடந்துபோயிருந்தாலும் வாருங்கள், சிகிச்சை சிகிச்சைதான்.

மகளிர் குழு ஊக்குநர், முக்கூடல்:
இங்கே பீடி சுற்றும் வீடுகள் வளவுகளில், அதாவது ஒரே வளாகத்தில் வரிசையாக, இருக்கும். அங்கே ஒரே பயம்தான், வக்கீல் சார். "வளவுல எல்லாருக்கும் தெரிஞ்சுரும், பிறகு இவளுக்கு எவன் மாப்பிள்ள தருவான்?" அதனால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

வழக்கறிஞர், தென்காசி:
போக்சோ குற்றம் சமரசத்துக்கு உட்பட்டது அல்ல, அக்கா. தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு, பேசி முடிக்க உட்காரும் பெரியவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயர் விஷயத்தில் சட்டம் பிள்ளை பக்கம் நிற்கிறது. பெயர், முகம், பள்ளி, தெரு எதையும் பத்திரிகை வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ எடுக்கணும். முடிந்தவரை எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் யூனிபார்ம் இல்லாமல். வளவு முன்னால் போலீஸ் ஜீப் நிற்குமோ என்று பயந்தால், மகளிர் காவல் நிலையத்துக்குப் போனதுமே வேறு இடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. நேரே போகத் தயக்கம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கணும். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொல்லியாகணும். அங்கே "துணை நபர் வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். வழக்கு முடியும்வரை கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையோடு வருவதும், வழக்கு முடியுமுன்னே கிடைக்கும் இடைக்கால இழப்பீடு கேட்க உதவுவதும் அவர் வேலை.