பயோடெக் கம்பெனிக்குப் பணம் தேடிப் போன இடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?

தரமணிவாசி:
இறாலுக்கு வரும் நோயை, கிருமியின் மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கும் பிசிஆர் கிட் செய்கிறோம். மரக்காணம் பக்கத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகளும் நெல்லூர் பக்கத்துப் பண்ணைகளும்தான் வாடிக்கையாளர்கள். பணம் கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான், "இதுல ஆப் இருக்கா?" சென்னையில் ஒருவர் மட்டும் அதைக் கேட்கவில்லை. அவருடைய மாமாவுக்கு நாகப்பட்டினத்தில் இறால் குட்டை இருந்ததாம். நாங்கள் கொண்டுபோன ஸ்லைடைத் திறக்கவே விடாமல், ஒரு டெஸ்டுக்கு என்ன விலை, குஞ்சு விடுவதற்கு முன்னால் டெஸ்ட் எடுக்காவிட்டால் விவசாயிக்கு எவ்வளவு போகும், அந்தக் காசை ஹேச்சரிக்காரர் கொடுப்பாரா பண்ணைக்காரர் கொடுப்பாரா என்று கேட்டுக்கொண்டே போனார்.

2009-ல் வனாமி என்கிற வெளிநாட்டு இறாலை வளர்க்க அனுமதி வந்த பிறகு தொழில் எங்கேயோ போய்விட்டது, அப்புறம் சில வருடங்களில் இஎச்பி என்கிற நுண்ணுயிரியும் வந்து சேர்ந்தது. வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்தால் சில நாட்களிலேயே குட்டை காலி, கண்ணுக்குத் தெரியும். இஎச்பி அப்படியில்லை. இறாலைச் சட்டென்று கொல்லாது, வளரவும் விடாது. தீவனச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். இதை மற்ற முதலீட்டாளர்களுக்கு விளக்கவே பாதி நேரம் போய்விடும், இவர் நான் ஆரம்பிப்பதற்குள் "தின்னுட்டு அப்படியே நிக்குமே, அதுதானே?" என்றார். ஆனாலும் அன்றைக்குப் பணம் தரவில்லை. "இலவசமா சாம்பிள் குடுக்காதீங்க, சின்னத் தொகையா இருந்தாலும் காசு வாங்கி வித்துட்டு பில்லோட வாங்க" என்று அனுப்பிவிட்டார். பில்லோடு போனோம், போட்டார். கட்டாயம் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு, ஆடிட்டர்கள் சிசிபிஎஸ் என்பார்களே, அந்த வகையில்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம்.

மைக்ரோபிபெட்:
நீங்கள் கொடுத்துவைத்தவர், இறாலுக்கு விற்கிறீர்கள். நாங்கள் மனிதர்களுக்கான டெஸ்ட் கிட். 2017-ன் மருத்துவக் கருவி விதிகளின்படி, விற்பது இருக்கட்டும், சோதித்துப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் கிட் தயாரிக்கவே டெஸ்ட் லைசென்ஸ் வாங்க வேண்டும். இதைத் தெரியாத முதலீட்டாளர் "ஆறு மாசத்துல சேல்ஸ் காட்டுங்க" என்கிறார். காட்டினால் சட்டவிரோதம் என்று சொன்னதற்கு "மத்தவங்க எல்லாம் காட்டறாங்களே" என்றார். சாப்ட்வேர் கம்பெனிகளில் போட்டுப் பழகியவர்.

அதனால் நாங்கள் கிராண்ட், அதாவது திருப்பித் தர வேண்டாத உதவிப் பணம், அந்தப் பக்கம் போனோம். மத்திய அரசின் பயோடெக் உதவி நிறுவனமான பைராக் தரும் பிக் கிராண்ட் எல்லோருக்கும் தெரிந்ததுதான், 50 லட்சம் வரை, 18 மாதம், பங்கு எதுவும் கேட்க மாட்டார்கள். ஆரம்பத்தில் இதைவிட நல்ல பணம் கிடையாது. ஆனால் எந்தக் கிராண்ட்டும் மொத்தமாக வராது, தவணை தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் சொன்ன வேலை முடிந்த ரிப்போர்ட், ஆடிட்டர் கையெழுத்திட்ட செலவுக் கணக்கு எல்லாம் போக வேண்டும். வேறொரு கிராண்டில், எது என்று சொல்லவில்லை, அடுத்த தவணை வந்து சேர்வதற்குள் மைனஸ் இருபதில் வைத்திருந்த என்சைம் எக்ஸ்பைரி ஆகிவிட்டது. லேபில் வேலை செய்த பெண்ணுக்குச் சம்பளம் என் மனைவியின் கணக்கிலிருந்து போனது. அதிலிருந்து என்சைமைச் சின்னச் சின்ன லாட்டாகத்தான் வாங்குகிறேன், விலை கூடினாலும் பரவாயில்லை. தவணைக்கும் தவணைக்கும் நடுவில் வரும் பள்ளத்துக்கென்று தனியாகப் பணம் வைக்காமல் கிராண்டை நம்பி ஆள் எடுக்காதீர்கள்.

கோயம்புத்தூர் பையன்:
"கிராண்ட் வாங்கித் தர்றேன், பத்து பர்சன்ட் குடுங்க" என்று ஒருவர் எங்களிடம் வந்தார். விண்ணப்பத்தை நாங்களே எழுத வேண்டுமாம், அவர் "ஃபாலோ அப்" மட்டும் செய்வாராம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

பழைய பயோகெமிஸ்ட்:
முதலில் எழுதியவரின் முதலீட்டாளர் செய்தது புதிதில்லை. அமெரிக்காவில் ஜெனென்டெக் என்கிற பயோடெக் கம்பெனி தொடங்கிய கதையைப் பாருங்கள். 1976-ல் பாப் ஸ்வான்சனும் விஞ்ஞானி ஹெர்பர்ட் போயரும் ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். அப்புறம் ஸ்வான்சன், முதலீட்டாளர் டாம் பெர்கின்ஸிடம் பணம் கேட்டுப் போனபோது, லேப் கட்டி ஆள் எடுக்கும் திட்டம் வைத்திருந்தார். லேபே வேண்டாம், முதல் பரிசோதனையை ஏற்கனவே வசதியும் ஆளும் உள்ள இடங்களுக்கு ஒப்பந்தத்தில் கொடுங்கள் என்று பெர்கின்ஸ் சொன்னதால் தேவைப்பட்ட பணம் பல மடங்கு குறைந்தது. அவர்களுடைய குறி இன்சுலின், அதில் 51 அமினோ அமிலம். ஆனால் முதலில் எடுத்தது 14 அமினோ அமிலம் மட்டுமே உள்ள சொமாட்டோஸ்டாட்டின் என்கிற ஹார்மோன். பாக்டீரியாவுக்குள் மனித ஹார்மோன் உருவாகுமா என்கிற கேள்விக்கு அதுவே போதும். 1977-ல் உருவானது. அடுத்த ஆண்டு இன்சுலின், உடனே எலை லில்லி என்கிற மருந்துக் கம்பெனியுடன் ஒப்பந்தம், 1982-ல் அந்த இன்சுலின் விற்பனைக்கு வந்தது.

என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகள் ஐந்து வருடத் திட்டத்தை எக்செல்லில் போட்டு வருகிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்குள் எந்த ஒரு சந்தேகத்தைத் தீர்க்க முடியும் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தச் சந்தேகம் தீர்ந்தால் கம்பெனியின் மதிப்பு ஏறுகிறது, அடுத்த பணத்துக்குக் குறைவான பங்கைக் கொடுத்தால் போதும். பெரிய பரிசோதனையைப் பாதி செய்து நிறுத்திய கம்பெனிக்கு எவன் பணம் போடுவான்?

மைக்ரோபிபெட்:
சார், ஜெனென்டெக் சரி. 1980 அக்டோபரில் பங்குச்சந்தைக்கு வந்த அன்றைக்கு 35 டாலர் பங்கு 88 வரை போனது. அந்த மாதிரிச் சந்தையும் இங்கே இல்லை, பெர்கின்ஸ் மாதிரி ஆளும் என் கண்ணில் படவில்லை. நமக்குப் பக்கத்து உதாரணம் பயோகான்தான். 1978-ல் பெங்களூரில் ஒரு கராஜ், 10,000 ரூபாய் மூலதனம். பப்பாளிப் பாலிலிருந்து பப்பைன் என்கிற என்சைம் எடுத்து விற்றார்கள். அதைத் தொடங்கிய கிரண் மஜும்தாருக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. மருந்து பக்கம் வந்தது பல வருடம் என்சைம் விற்ற பிறகு.

பழைய பயோகெமிஸ்ட்:
அதையும்தானே சொல்கிறேன் தம்பி. அவர்களும் கையில் இருந்த பணத்துக்கு ஏற்ற வேலையை எடுத்தார்கள். ஆனால் என்சைம் விற்று மருந்துக்குப் போகும் வழி எல்லோருக்கும் ஒத்துவராது, விற்பதிலேயே காலம் போய்விடும். லேப் விஷயத்தில் இன்று நிலைமை எவ்வளவோ மேல். பெங்களூர் சி-கேம்ப், ஹைதராபாத் ஐகேபி, புனே வென்ச்சர் சென்டர் என்று புதுக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு மிஷின் கிடைக்கும் இன்குபேட்டர் மையங்கள் இருக்கின்றன. சொந்தமாக மிஷின் வாங்கும் ஆசையை முதலில் அடக்குங்கள்.

மலையடிவாரம்:
எங்கள் கதை வேறு. மலைக்காட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, அது தரும் என்சைம், அதற்குக் காப்புரிமை. முதலீட்டாளருக்குப் பிடித்துவிட்டது, முதலீட்டு நிபந்தனைகள் எழுதிய டெர்ம் ஷீட்டும் வந்தது. அப்புறம் அவருடைய வக்கீல் உட்கார்ந்து எங்கள் ஃபைலைக் குடைந்தார். முதல் கேள்வி, வேலை நடந்தபோது நீங்கள் கல்லூரிச் சம்பளத்தில் இருந்தீர்களா? இருந்தோம். அப்படியென்றால் காப்புரிமை கல்லூரியுடையது, கம்பெனிக்கு லைசென்ஸ் எழுதி வாங்குங்கள். கல்லூரியில் இதற்கென்று ஒரு கொள்கையே கிடையாது. முதல்வர் மேஜையிலிருந்து டிரஸ்ட் அலுவலகத்துக்கு, அங்கிருந்து திரும்ப முதல்வர் மேஜைக்கு என்று ஃபைல் சுற்றிச் சுற்றி வந்தது.

இரண்டாவது கேள்விதான் எங்களை உலுக்கியது. 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி, இங்கே எடுத்த உயிரி வளத்தை வைத்துக் காப்புரிமை கேட்டால் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் போக வேண்டும். அலுவலகம் வேறெங்கும் இல்லை, தரமணி டைசல் பார்க்கில்தான். அப்போதிருந்த சட்டத்தில், கம்பெனியில் வெளிநாட்டுப் பங்கு கொஞ்சம் இருந்தாலே அந்த வளத்தை ஆய்வுக்குத் தொடுவதற்கும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். எங்கள் முதலீட்டாளரோடு பணம் போட வந்தவர் சிங்கப்பூர் குடிமகன், என் நண்பனின் சித்தப்பா. அவர் உள்ளே வந்தால் கம்பெனி வேறு வகைக்குப் போய்விடும், எனவே சித்தப்பா வெளியே. 2023 திருத்தத்துக்குப் பிறகு இது தளர்ந்திருக்கிறது, வெளிநாட்டவர் கட்டுப்பாட்டில் கம்பெனி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். சித்தப்பா இன்னும் பேசுவதில்லை.

கோயம்புத்தூர் பையன்:
அண்ணா, கல்லூரி கடைசியில் லைசென்ஸ் கொடுத்ததா?

மலையடிவாரம்:
கொடுத்தது. முன்பணம் கேட்டார்கள், அதற்குப் பதில் விற்பனையில் ராயல்டி என்று பேசி முடித்தோம். கையில் காசு இல்லாதவன் கேட்க வேண்டியது அதைத்தான்.

தரமணிவாசி:
எல்லோருக்கும் நன்றி. உள்பெட்டியில் ஒருவர், வந்த பணத்தை எதில் போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஆள் எடுக்கவில்லை, ஆபீஸ் மாற்றவில்லை. எங்கள் கிட் தெர்மோகோல் பெட்டியில் ஜெல் பேக் வைத்துத்தான் போகும், பஸ் பார்சலில் ஒரு நாள் தாமதமானால் கெட்டுவிடும். அதனால் என்சைம் கலவையை உறைய வைத்து உலர்த்தி, ஐஸ் இல்லாமல் அனுப்ப முடியுமா என்று பார்க்கிறோம். உலர்த்தும் மிஷின் ஒரு இன்குபேட்டரில் மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைத்தது. போன வாரம் உலர்த்திய கிட்டில் இஎச்பி பிடிபடுகிறது, வெள்ளைப்புள்ளிக்கு மட்டும் சிக்னல் கொஞ்சம் தாமதமாக வருகிறது. ட்ரெஹலோஸ் என்கிற சர்க்கரை சேர்த்து உலர்த்திய அனுபவம் யாருக்காவது இருந்தால், என்ன அளவில் சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.