மாமி தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்த நாள்

கருங்கல்காரி:

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் வாசிப்புக் குழுவில் ஏழு பேர். நாலு பேர் ஒன்றாகக் கல்லூரியில் படித்தவர்கள், இரண்டு பேர் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள், ஒருவர் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஞாயிறு சபைக்குப் போகிறவர்கள் பாதிப் பேர், அதனால் ஞாயிறு கிடையாது. ஆவணி மாதம் கல்யாண வீடுகளே சரியாக இருக்கும், அப்போது விடுமுறை. புத்தகம் 250 பக்கத்துக்குள் இருக்க வேண்டும், மூன்று பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுவோம், யார் வீட்டில் கூடுகிறோமோ அவர்தான் புத்தகத்தைச் சொல்ல வேண்டும், காப்பியும் கடியும் (பலகாரமும்) அவர் பொறுப்பு.

போன வருஷம் என் முறை வந்தபோது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' சொன்னேன். 1964ல் வந்த நாவல். பனங்காட்டு ஊர், வாழ்ந்து கெட்ட வீடு, வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் இருத்தப்பட்ட லிஸி, அவள் ஆசைப்படுகிற பனையேறி வீட்டுப் பையன் தங்கராஜ். சின்னப் புத்தகம்தான், எல்லோரும் படித்துவிட்டு வந்திருந்தார்கள். எங்கள் குழுவில் அது அதிசயம்.

மாமி (என் வீட்டுக்காரரின் அம்மா, 74 வயது) அடுக்களையில் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தார். நான் செய்கிறேன் என்றுதான் சொன்னேன். பாசிப்பயறை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி உருட்டுவது வரை எனக்கு வரும், மாவில் முக்கி மூன்று மூன்றாக ஒட்டிப் போடும்போது எனக்குப் பிரிந்துவிடும். அதனால் அவர் அங்கே, நாங்கள் இங்கே.

பேச்சு லிஸியைப் பாவம் பார்ப்பதில் தொடங்கி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளை எல்லாம் இப்படித்தான் பூட்டி வைத்தார்கள் என்று ஒருத்தி சொன்னாள். பனை வைத்திருக்கிறவரும் பனையேறுகிறவரும் ஒரே சாதி, ஒரே சபை, பிறகு எதற்கு இந்தக் கல்யாணத்துக்கு இவ்வளவு பாடு என்று இன்னொருத்தி கேட்டாள். அந்த நேரம் மாமி தட்டோடு வந்தார். தட்டை வைத்தார், போகவில்லை.

"சர்ச்சில ஒண்ணுதான் மக்களே. பனை யாருக்க பேருல நிக்குது எண்ணுதான் சங்கதி" என்றார்.

அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவருடைய அப்பா பனையேறினவர் என்று எனக்குத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், கேட்டதில்லை. காலையும் மாலையும் ஏற வேண்டும், தினமும் பாளை சீவ வேண்டும், கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் அக்கானி (பதநீர்) புளித்துப் போகும், இறக்கிய அக்கானியை உடனே காய்ச்ச வேண்டும், காய்ச்சுவது பெண்கள், கருப்பட்டி சிரட்டையில் ஊற்றி ஆற வைப்பதும் பெண்கள். எல்லாம் சொல்லிவிட்டு லிஸிக்கு வந்தார். "வீட்டுல இருத்துகது எல்லாம் வசதி உள்ளவனுக்க பிள்ளையத்தான். எங்கள இருத்தினா வெறகு யாரு பெறக்குவா?"

ஏழு பேரும் படித்த புத்தகத்தில் ஏழு பேருக்கும் தெரியாத ஒன்று. லிஸியை வீட்டுக்குள் இருத்துவது அந்த வீட்டின் கௌரவத்தையே சொல்கிறது, நாங்கள் பெண்ணடிமைத்தனம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டிருந்தோம். யாரும் முந்திரிக்கொத்தைத் தொடவில்லை, ஆறியே போயிற்று. ஆறினாலும் கெடாத பண்டம்தான்.

மாமி பிறகு புத்தகத்தை வாங்கிக்கொண்டார். வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும் தவிர வேறு எதுவும் அவர் கையில் நான் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடி வைத்து மூன்று மாதம் படித்தார். இப்போது "இது போல நம்ம ஆளுவ பேசுகது வேற உண்டா?" என்று கேட்கிறார். என்ன கொடுக்கலாம்? அப்படியே உங்கள் குழுவில் இந்த மாதிரி நடந்தது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

திங்கள்சந்தை:

நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' கொடுங்கள். 1968. இரணியல் செட்டிமார் வீடு, உண்ணாமலை ஆச்சி, திரவி, அவனுடைய அக்கா நாகம்மை. பெரிய புத்தகம், உங்கள் 250 பக்கச் சட்டத்துக்குள் அடங்காது.

எங்கள் குழுவில் இதற்காகவே சட்டத்தை மாற்றினோம். என் மனைவி சென்னையில் பிறந்து வளர்ந்தவள். முதல் பத்துப் பக்கம் படித்துவிட்டு இது தமிழா என்று கேட்டாள். கோபத்தில் இல்லை, நிஜமாகவே சந்தேகம். சரி என்று ஒருநாள் நான் சத்தமாக வாசித்தேன், என் அம்மா பேசுகிற மாதிரியே வாசித்தேன், உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. காதால் கேட்டுப் பழகிய பேச்சு கண்ணுக்கு அந்நியமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து எங்கள் குழுவில் யாரும் வீட்டில் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. கூடும்போது இருபது இருபத்தைந்து பக்கம் முறை வைத்து வாசிப்போம், நடுவில் நிறுத்திச் சண்டை போடுவோம். ஒரு புத்தகம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே.

தின்பதற்குக் கடை ரசவடை. சத்தமாக வாசிக்கிறவர் வாயில் வடையோடு வாசிக்கக் கூடாது, இது ஒன்றுதான் விதி.

மட்டிப்பழம்:

என் கதை இவ்வளவு கனமானது இல்லை. நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' எடுத்திருந்தோம். ஒரு நண்பர், பெயர் வேண்டாம், முதல் ஆளாக வந்து உட்கார்ந்து வரதட்சிணை, மாமனார் வீட்டு அவமானம், வேலையில்லாத பட்டதாரியின் தன்மானம் என்று இருபது நிமிடம் பிரமாதமாகப் பேசினார். எங்களுக்கெல்லாம் வெட்கமாக இருந்தது, இவ்வளவு ஆழமாக நாம் படிக்கவில்லையே என்று. கடைசியில் உணர்ச்சிவசப்பட்டு, "அந்த இடத்துல சேரன் என்ன செஞ்சிருக்கணும்?" என்று கேட்டார்.

நாவலில் இருப்பவன் சிவதாணு. சேரன் நடித்தது 2002ல் வந்த 'சொல்ல மறந்த கதை'யில், இந்த நாவலை வைத்து எடுத்த படம். ஆள் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அபராதமாக அடுத்த இரண்டு மாதம் பழம்பொரி அவர் செலவு. இப்போதெல்லாம் யார் அதிகம் பேசினாலும் "சேரன் வந்தாச்சு" என்போம்.

வடசேரிக்காரி:

கடி பற்றி யாராவது பேச வேண்டும், நான் பேசுகிறேன். எங்கள் குழு கிட்டத்தட்ட உடைந்தது புத்தகத்தால் இல்லை, பலகாரத்தால். முதல் வீட்டில் சுக்குக் காப்பியும் நேந்திரங்காய் சிப்ஸும். இரண்டாவது வீட்டில் அதோடு இலை அப்பம். மூன்றாவது வீட்டில் உண்ணியப்பம், அச்சுமுறுக்கு, செவ்வாழை. ஆறாவது வீட்டுக்கு வரும்போது மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் வைத்து இலை போட்டே விட்டார்கள். சாப்பிட்டு முடித்தபோது மணி ஏழு, புத்தகத்தை யாரும் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஏழாவது முறை வரவேண்டியவள் அந்த மாதம் உடம்பு சரியில்லை என்றாள், அடுத்த மாதமும் உடம்பு சரியில்லை. பிறகுதான் விளங்கியது, அவள் வாடகை வீட்டில் ஒற்றை அறையில் இருக்கிறாள், இதற்கெல்லாம் அவளிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை. நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து போட்டி போட்டு அவளை வெளியே தள்ளியிருக்கிறோம். இது எனக்கு இன்னும் உறுத்தல்.

இப்போது ஆளுக்கு 30 ரூபாய் போடுவோம், ஒரு இனிப்பு அல்லது ஒரு காரம், இரண்டும் சேர்ந்து கிடையாது. வீட்டில் கூடுவதையும் நிறுத்திவிட்டோம். மழையில்லாத நாளில் சங்குத்துறைக் கடற்கரை. அவள் திரும்ப வந்துவிட்டாள். இன்னொன்று, எண்ணெய்ப் பலகாரமும் சுற்றுக்கு விடும் புத்தகமும் ஒத்துப்போகாது. எங்களிடம் இருக்கும் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யைத் திறந்தால் தாமோதர ஆசான் வருகிற பக்கத்தில் ஒரு முழு விரல் அடையாளம் இருக்கும். அதற்காகவே மட்டிப்பழம் (எங்கள் ஊர் சின்ன வாழைப்பழம்) சிறந்தது. (மேலே எழுதியவரைச் சொல்லவில்லை.)

புளியமரத்தையும் மாமிக்குச் சொல்வேன். கதையே ஊரில் ஆளாளுக்குச் சொல்லுகிற மாதிரிதான் போகும்.

தேங்காப்பட்டணம்:

புளியமரம் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்த மரம் நின்றது எந்த ஜங்ஷனில் என்று எங்கள் வீட்டு ஆண்கள் இன்னும் சண்டை போடுவார்கள். எங்கள் பெண்கள் குழுவில் அதைவிடப் பெரிய சண்டை நடந்தது. தோப்பில் முஹம்மது மீரான் எங்கள் ஊர்க்காரர், பள்ளியில் படித்தது மலையாளம், எழுதியது தமிழ். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) எடுத்தோம். வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளி, ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதற்கு வந்த எதிர்ப்பு, எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புத்தகம் பாதி தாண்டவில்லை, வடக்கு வீடு என்பது நிஜத்தில் எந்த வீடு என்று தொடங்கிவிட்டார்கள். குழுவில் ஒருத்தி தன் உம்மாவின் தறவாட்டைத்தான் (குடும்ப வீட்டைத்தான்) எழுதியிருக்கிறார் என்று உறுதியாக நம்புகிறாள், ஊர் மானத்தை விற்றுவிட்டார் என்று அழுகிறாள். இன்னொருத்தி அது தன் வீடுதான் என்று பெருமையாகச் சொல்கிறாள்! கதை கதைதான் பிள்ளே என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கிண்ணத்தப்பம் துண்டு போட்டது போட்டபடி கிடந்தது, அப்படி ஒருநாளும் கிடந்ததில்லை.

அழுதவள் ஒரு மாதம் வரவில்லை. பிறகு வந்தாள், 'சாய்வு நாற்காலி'யையும் படிக்க வேண்டும் என்றாள். சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது அதுதான், 1997ல். ஏன் என்று கேட்டால், "அதுல யாருக்க வீட்ட எழுதியிருக்காரு எண்ணு பாக்கணும்."

மாமிக்குக் கொடுப்பதென்றால் கடைசியில் சொல்லகராதி உள்ள பதிப்பாகப் பார்த்துக் கொடுங்கள். எங்கள் பேச்சில் அரபியும் மலையாளமும் நிறைய.

குலசேகரம்:

ரப்பர் தோட்ட ஆட்கள் நாங்கள். வெளுப்பதற்கு முன்பே பால் வெட்ட எழும்புகிறவர்களை வைத்துச் சாயங்காலக் கூட்டம் நடத்தினால் என்ன ஆகும்? இரண்டு பேர் தூங்குவார்கள், ஒருவர் குறட்டையே விடுவார். அதனால் மழைக்காலத்தில்தான் எங்கள் குழு உயிரோடு இருக்கும். ஆனி ஆடியில் வெட்டு இல்லாத நாளாகப் பார்த்துக் கூடுவோம். அவித்த கிழங்கு, காந்தாரி மிளகாய்த் துவையல், கட்டன் காப்பி. புத்தகம் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை, மற்றவர்கள் சொன்னது போதும்.

பார்வதிபுரம்:

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். மலர்வதியின் 'தூப்புக்காரி' எங்கள் வீட்டில்தான் பேசினோம். 2012ல் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் வாங்கிய நாவல், நம் மாவட்டத்துப் பெண் எழுதியது, மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிற அம்மாவையும் மகளையும் பற்றியது. எல்லோரும் உருக்கமாகப் பேசினார்கள், நானும் பேசினேன், மனிதக் கழிவு, கூலி, மரியாதை என்று. பின்கட்டில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா நாங்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவும் சத்தம் நின்றது. நாங்களும் ஒவ்வொருவராக நிறுத்தினோம். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் மறுபடி கேட்டது.

அவர் போகும்போது, "சினிமா கதையா அம்மா பேசினிய?" என்று கேட்டார். புத்தகம் என்றேன். "ஓ" என்றார். அன்றைக்குப் போட்ட கொழுக்கட்டை அவருக்கு எடுத்து வைக்கவே இல்லை என்பது அவர் கேட்டைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கருங்கல்காரி:

எல்லோருக்கும் நன்றி. பார்வதிபுரம் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நானும் மாமியை அடுக்களையில் விட்டுவிட்டுத்தானே புத்தம் வீட்டைப் பேசினேன்.

'தலைமுறைகள்' வாங்கிக் கொடுத்தாயிற்று. திங்கள்சந்தை சொன்னபடி ராத்திரி ஜெபம் முடிந்த பிறகு நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார், இடையில் என் உச்சரிப்பைத் திருத்துகிறார். "செட்டிமாருக்க வீட்டுக் கதைதான், ஆனா ஆச்சி எனக்க அம்மச்சியப் போலத்தான் பேசுகா" என்றார். நாகம்மையை நினைத்து ஒருநாள் தூங்கவில்லையாம்.

வருகிற இரண்டாம் சனி மறுபடி எங்கள் வீட்டில். மாமி எட்டாவது ஆளாகச் சேர்ந்துவிட்டார். அதனால் பலகாரம் யார் செய்வது என்று நேற்றே கேட்டேன். "முந்திரிக்கொத்துக்கு அடுப்புல நிண்ணா பேச்சு கேக்காது. கடையில ரசவடை வாங்கு" என்று சொல்லிவிட்டார்.